பழைய டிராக்டரின் எரிபொருள் கோளாறும் மிகைச் சூடும்

பருவத்தின் முதல் மழை பெய்ததும் பெங்களூரைச் சூழ்ந்த தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், ஹொசகோட்டை முதலிய வட்டங்களிலும், கோலார், தும்கூர் மாவட்டங்களிலும், தமிழக எல்லைக்குட்பட்ட ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளிலும் கேழ்வரகு விதைப்புக்கான உழவு தொடங்குகிறது. இப்பீடபூமியின் செம்மண் ஈரம் காய்ந்தால் இறுகிவிடும் இயல்புடையது. ஆதலின் உழவுக்கேற்ற பதம் சில நாட்களே நிலைத்திருக்கும். அந்நாட்களில் டிராக்டர் வயலின் நடுவே நின்றுவிடுமாயின், அதன் உரிமையாளர் மட்டுமன்றி, அதை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் சிறு விவசாயிகள் பலரும் பதத்தை இழக்க நேரிடும்.

இப்பகுதியில் உழைத்து வரும் டிராக்டர்களுள் பழையனவும் உள்ளன. அவற்றின் வரலாற்றில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. 1953-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பெற்ற பொதுத்துறை நிறுவனமாகிய ஹிந்துஸ்தான் மிஷின் டூல்ஸ், 1971-ல் செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டார் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஹரியானாவிலுள்ள பிஞ்ஜோரில் டிராக்டர் உற்பத்தியை ஆரம்பித்தது. 25 குதிரைத் திறன் கொண்ட அதன் முதல் டிராக்டரும் பின்னர் வந்தவையும் நாடெங்கும் பரவின. அந்நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் அளித்தது. டீசல் என்ஜினின் இதயம் எனத்தக்க உட்செலுத்தும் பம்பை நம் நாட்டில் செய்யும் தொழிலும் இந்நகரில்தான் வளர்ந்தது. 1951-ல் நிறுவப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது ‘மைக்கோ’, ஆடுகோடியில் பம்புகளையும் நாசில்களையும் செய்து வந்தது. 2008 முதல் அது பாஷ் என்னும் பெயரில் வழங்குகிறது.

செய்தவர் தொழிலை விட்ட பின்னரும் இயந்திரம் வயலில் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதனைக் காப்பாற்றும் பொறுப்பு இனி ஓட்டுநரையும், கிராமத்து மெக்கானிக்கையும், அவர்களுக்கு அறிவுரை கூறும் களப்பணியாளரையுமே சார்ந்தது. பழைய டிராக்டரைப் பற்றி இவர்களிடம் வரும் முறையீடுகளுள் இரண்டு அடிக்கடி கேட்கப்படுவன. ஒன்று, ‘டீசல் ஏறவில்லை’ என்பது. மற்றொன்று, ‘தண்ணீர் கொதிக்கிறது’ என்பது. இவ்விரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் மலிவான, வெளிப்புறமான உறுப்புகளிலேயே இருக்கிறது. ஆயினும் பழுது பார்ப்பவரின் கை முதலில் செல்வது விலை உயர்ந்த பம்பையும் சிலிண்டர் தலையையும் நோக்கியே. எளியதிலிருந்து அரியதற்கு, வெளியிலிருந்து உள்ளே, ஒழுங்கான வரிசையில் சோதித்துச் செல்வதே வீண் செலவைத் தவிர்க்கும் வழியாகும். அவ்வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எரிபொருள் செல்லும் வழி

டீசல் என்ஜினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று, அதன் கன அளவில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாக நசுக்கப்படுகிறது. அப்போது அதன் வெப்பநிலை 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்கிறது. அக்கணத்தில் நாசில் வழியாக மிக நுண்ணிய துளிகளாகப் பீச்சப்படும் டீசல் தானே தீப்பற்றிக்கொள்கிறது.

இவ்வேலையின் நுட்பத்தை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 25 குதிரைத் திறனுடைய, இரண்டு சிலிண்டர் கொண்ட என்ஜின் நிமிடத்திற்கு 2,000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். நான்கு வீச்சு என்ஜினாதலால் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டீசல் பீச்சப்படுகிறது. அஃதாவது, இரண்டு சிலிண்டருக்குமாக ஒரு மணி நேரத்தில் 1,20,000 முறை. முழுச் சுமையில் அது மணிக்கு ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் டீசலைச் செலவிடுமாயின், ஒரு முறை பீச்சப்படும் அளவு 46 கன மில்லிமீட்டரே. இது இரண்டொரு சொட்டுக்கு மேல் ஆகாது. இந்தச் சொட்டு ஒவ்வொரு முறையும் அதே அளவில், அதே கணத்தில், பழைய டிராக்டர்களில் பொதுவாக 120 முதல் 200 வளிமண்டல அழுத்தத்தில் திறக்கும் நாசில் வழியாகச் செல்ல வேண்டும்.

தொட்டியில் ஊற்றிய டீசல் அங்கு வந்து சேரும் பாதை பின்வருமாறு: தொட்டி, அதன் அடியிலுள்ள திறப்புக் குழாய், படிவுக் கிண்ணம், பீட் பம்பு, முதல் வடிகட்டி, இரண்டாம் வடிகட்டி, உட்செலுத்தும் பம்பு, உயர் அழுத்தக் குழாய்கள், நாசில். (சில டிராக்டர்களில் ஒரே வடிகட்டி இருக்கும்.) கோளாறு தேடுவோரும் இதே வரிசையில் செல்லுதல் வேண்டும்.

தொட்டியிலிருந்து தொடங்குக

முதலில் பார்க்க வேண்டியது தொட்டியின் மூடி. அதில் காற்று புகுவதற்கு ஒரு சிறு துளை உண்டு. புழுதி படிந்து அத்துளை அடைபட்டால், டீசல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசல் வருவது நின்றுவிடும். இக்கோளாற்றின் அடையாளம் தெளிவானது: என்ஜின் அரை மணி நேரம் செம்மையாக ஓடிப் பின் மெல்ல நின்றுவிடும், சிறிது நேரம் கழித்து மீண்டும் புறப்படும். நின்றவுடன் மூடியைத் தளர்த்தும்போது காற்று ‘உஸ்’ என உள்ளே செல்லும் ஓசை கேட்குமாயின் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி விடுவதே மருந்து.

இரண்டாவது, நீர். பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரில் காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் நீர்த்துளிகளாகப் படிகிறது. இரவுக்கும் பகலுக்கும் வெப்பநிலை பெரிதும் வேறுபடும் பெங்களூர்ப் பீடபூமியில் இது கவனிக்கத்தக்கது. நீர் டீசலினும் கனமானது. ஆகவே அடியில் தங்கும். மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடமின்றிப் போகும். காலையில் என்ஜினைத் திருப்பும் முன்பு படிவுக் கிண்ணத்திலிருந்து சிறிது வடித்துப் பார்த்தால், இரவில் தங்கிய நீரும் அழுக்கும் வெளியேறும். பீப்பாயில் டீசல் சேமிப்போர் அதைச் சற்றுச் சாய்த்து வைத்து, அடிமட்டத்தில் தங்குவதைத் தொடாமல் மேற்பகுதியை மட்டும் எடுத்து, சுத்தமான துணியிட்ட புனலில் ஊற்றுவது நல்லது.

மூன்றாவது, வடிகட்டி. அது அடைபட்டால் என்ஜின் வெற்றாக நன்கு ஓடும்; கலப்பை மண்ணில் இறங்கியதும் திணறும். சுமைக்கு வேண்டிய டீசல் போதிய வேகத்தில் வந்து சேராமையே இதற்குக் காரணம். துணி அல்லது கம்பளி வகை வடிகட்டிகளுட் சில கழுவிப் பயன்படுத்தத் தக்கவை. காகித வடிகட்டியையோ ஒருபோதும் கழுவலாகாது. பெட்ரோலில் அலசிக் காற்றடித்து மறுபடியும் பொருத்தும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அலசும்போது காகிதத்தின் நுண்துளைகள் கிழிந்து விரிகின்றன. பிறகு டீசல் தாராளமாகச் செல்வதுபோல் தோன்றும். உண்மையில் செல்வது டீசலோடு சேர்ந்த மண். சில நூறு ரூபாய் வடிகட்டியைச் சேமிக்கப் போய், பல ஆயிரம் ரூபாய் பம்பை இழக்க நேரிடுகிறது.

நான்காவது, பீட் பம்பு. உட்செலுத்தும் பம்புக்குள் செல்லும் குழாயைக் கழற்றி, கைப்பிடியால் அடித்தோ என்ஜினைச் சுழற்றியோ பார்க்கும்போது டீசல் துடிப்பாக வந்து விழுதல் வேண்டும். வராவிடின், அதனுள் இருக்கும் சிறு சல்லடை அடைபட்டுள்ளதா, வால்வில் அழுக்கு சிக்கியுள்ளதா, சவ்வு கிழிந்துள்ளதா எனப் பார்க்கலாம்.

காற்றை வெளியேற்றும் முறை

தொட்டி வற்றும் வரை ஓட்டினாலும், வடிகட்டியைக் கழற்றினாலும் குழாய்களில் காற்று புகுந்துவிடும். அன்றியும், பீட் பம்புக்கு முன்னுள்ள குழாயில் நுண்ணிய வெடிப்போ தளர்ந்த இணைப்போ இருந்தால், டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே இழுக்கப்படலாம். டீசல் அநேகமாக அமுங்குவதில்லை. காற்று எளிதில் அமுங்கும். பம்பு அழுத்தும்போது குமிழி சுருங்கி விரிகிறதேயன்றி, நாசில் திறப்பதற்கான அழுத்தம் ஏற்படுவதில்லை. இதனையே மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்கின்றனர்.

காற்றை வெளியேற்றுவதிலும் வரிசை உண்டு. முதலில் வடிகட்டியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரையும் குமிழியும் நின்று தெளிந்த டீசல் வரும்போது, அடிப்பதை நிறுத்தாமலே திருகை இறுக்க வேண்டும். அடுத்து உட்செலுத்தும் பம்பின் திருகிலும் இவ்வாறே செய்க. அதன்பின், நாசில்களுடன் சேரும் உயர் அழுத்தக் குழாய்களின் மறைகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, என்ஜினைச் சுழற்றி, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். ஒரு முறை காற்றெடுத்த பின் நாள்தோறும் மீண்டும் காற்று சேருமாயின், கசிவு எங்கோ இருக்கிறது என்பது பொருள். காற்றெடுத்துக்கொண்டே காலங்கழிப்பது அதற்குப் பரிகாரமாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நாசில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்லும் வேகமுடையது. புறத்தே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே தெரியும். உள்ளே விரலையே இழக்கச் செய்யும் கேடு விளையலாம். பீச்சும் முனையருகே கையைக் கொண்டு செல்லலாகாது. அவ்வாறு நேர்ந்துவிட்டால் வலி இல்லையென்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

புகையின் நிறம்

என்ஜினின் உள்நிலையைப் புகை ஓரளவு அறிவிக்கும். கறுப்புப் புகை, டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு என்பதன் அடையாளம். காற்று வடிகட்டி அடைபட்டிருத்தல், நாசில் ஒழுகுதல், தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல் ஆகியன இதற்குக் காரணங்கள். சூடேறிய பின்னும் நீடிக்கும் வெண்புகை, டீசல் முழுதும் எரியாமல் வெளிவருவதையோ, நீர் சிலிண்டருக்குள் கசிவதையோ குறிக்கும். நீலப் புகை என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும்.

காற்று வடிகட்டியைப் பலர் மறந்துவிடுகின்றனர். பழைய டிராக்டர்களில் அது பெரும்பாலும் எண்ணெய்த் தொட்டி வகையைச் சேர்ந்தது. செம்மண் புழுதி எழும் கோடை உழவில் அதன் அடியில் சேறு விரைந்து சேரும். கையேடு கூறும் காலக்கெடுவை மட்டும் நம்பாமல், புழுதி மிக்க நாட்களில் தினமும் திறந்து பார்ப்பது நல்லது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி எட்டு, ஒன்பது சதவீதம் குறைந்திருப்பதால், இப்பீடபூமியில் காற்று வடிகட்டியின் சிறு அடைப்பும் கறுப்புப் புகையாக வெளிப்படும்.

எந்தச் சிலிண்டரில் குறையுள்ளது என அறிவதற்கும் எளிய வழி உண்டு. என்ஜின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு நாசிலின் குழாய் மறையையும், அதன்மேல் கனத்த துணியைப் போர்த்து, ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டருக்கு டீசல் தடைப்பட்டால் என்ஜினின் ஓட்டம் தடுமாறும். தளர்த்தியும் ஓட்டத்தில் மாறுதல் இல்லையெனில் குறை அந்தச் சிலிண்டரில்தான்.

பம்பு: களப்பணியின் எல்லைக்கோடு

மேற்கூறிய யாவும் சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால் மட்டுமே பம்பையும் நாசிலையும் ஐயுறலாம். அவற்றை வயலிலோ மரத்தடியிலோ பிரிப்பது கூடாது. பம்பினுள் இருக்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கே. மனிதனின் தலைமயிர் இதைவிட இருபது மடங்குக்கு மேல் தடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணற்துகள் அந்தப் பளபளப்பைக் கீறிவிடப் போதும். ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-ல் இத்தகைய பம்பைத் தொடர் உற்பத்தியில் கொணர்ந்த பின்னரே டீசல் என்ஜின் வண்டியிலும் டிராக்டரிலும் பரவ முடிந்தது. இந்நுட்பத்தை உணர்ந்தால் அதனை ஸ்பானரால் அணுகும் துணிவு எவருக்கும் வாராது. சோதனை மேடையும் அளவுக் குழாய்களும் உள்ள கேலிபரேஷன் நிலையத்திற்கே அதனை அனுப்ப வேண்டும். கழற்றியவுடன் குழாய் வாய்களைச் சுத்தமான மூடியால் அடைத்தல் அவசியம்.

மற்றொரு தவறான வழக்கமும் உண்டு. இழுவை குறைந்ததென்று எண்ணி, பம்பின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகின் முத்திரையை உடைத்து, டீசலின் அளவைக் கூட்டிவிடுவர். சில நாள் இழுவை கூடியதுபோல் தோன்றும். எரியாத டீசல் கறுப்புப் புகையாகப் போவதோடு, சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலையும் கழுவிவிடும். அவ்வாறே மண்ணெண்ணெய் கலப்பதும் கேடு. பம்பின் உட்பகுதிகளுக்கு மசகாக இருப்பது டீசலே. சுழல் வகைப் பம்பிலோ எல்லா உறுப்புகளுக்கும் அதுவே மசகு. மண்ணெண்ணெய்க்கு அத்தன்மை குறைவு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வழங்கப்படும் பாரத் ஸ்டேஜ் ஆறு தர டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேற்படுவதில்லை. கந்தகத்தை நீக்கும் முறையில் குறையும் மசகுத் தன்மையைச் சுத்திகரிப்பு ஆலைகள் சேர்க்கைப் பொருள்களால் ஈடு செய்கின்றன. இத்தகைய டீசலில் வேறெதையும் கலந்து அந்த ஏற்பாட்டைக் கெடுக்கலாகாது.

சூடு எங்கே செல்கிறது?

எரிபொருளில் அடங்கிய சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை ரேடியேட்டர் நீர் ஏற்றுக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே, என்ஜின் உழைக்கும் ஒவ்வொரு நிமிடமும் தான் செய்யும் வேலைக்கு ஏறத்தாழச் சமமான சூட்டை நீரின் வழியே அகற்றியாக வேண்டும். இவ்வழியில் எங்கு தடை ஏற்பட்டாலும் சூடு மிகும்.

மிகைச் சூடு எப்போது தோன்றுகிறது என்பதே முதற் கேள்வி. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே நீர் கொதித்தால், விசிறிப் பட்டை அறுந்திருத்தல், நீர் குறைந்திருத்தல், தெர்மோஸ்டாட் திறவாமை, ஹெட் காஸ்கெட் கசிவு ஆகியவற்றை ஐயுறலாம். சாலையில் நன்றாக ஓடி, உழும்போது மட்டும் கொதித்தால், ரேடியேட்டரின் அடைப்பையோ மிகைச் சுமையையோ தேடலாம். அளவுமானியின் முள் சிவப்பைக் காட்டியும் நீர் கொதிக்கவில்லையெனில் மானியே பழுதுற்றிருக்கவும் கூடும்.

பீடபூமியில் நீரின் கொதிநிலை

நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்திற்குரிய கணக்கு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அழுத்தம் குறைவாதலால் திறந்த பாத்திரத்தில் நீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அதிலுள்ள வில் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோகிராம் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால், பெங்களூரில் கொதிநிலை ஏறக்குறைய 109 டிகிரிக்கு உயரும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தாலோ, வில் தளர்ந்தாலோ, காணாமற்போன மூடிக்குப் பதில் துணியைச் சுருட்டி அடைத்தாலோ, இந்தப் பன்னிரண்டு டிகிரிப் பாதுகாப்பு இல்லாமற் போகிறது. பலரும் ரேடியேட்டரை மாற்றிய பின்னர் மூடியைப் பார்க்கின்றனர். பார்க்க வேண்டிய முறை இதற்கு நேர்மாறானது.

ரேடியேட்டரின் புறமும் அகமும்

சாலையில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி டிராக்டரை ஏற்றிப் போரடிக்கும் காட்சி இப்பகுதியில் அறுவடைக் காலத்தில் எங்கும் காணப்படும். அப்போது பறக்கும் உமியும் தூசும் ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே புகுந்து படிகின்றன. சிறிது ஆயில் கசிவும் சேர்ந்தால் அது களிம்புபோல் இறுகிவிடும். விசிறி காற்றை முன்னிருந்து பின்னுக்கு இழுப்பதால், கழுவும் நீரைப் பின்புறத்திலிருந்து, அஃதாவது விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிச் செலுத்த வேண்டும். முன்னிருந்து பீச்சினால் குப்பை மேலும் உள்ளே செல்லும். மெல்லிய தகடுகள் மடங்காதிருக்க நீரின் வேகம் மிதமாக இருத்தல் நலம். விசிறிப் பட்டையின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்வது பொதுவாகப் போதுமானது. இதினும் தளர்ந்தால் பட்டை வழுக்கும்.

புறத்தினும் அகத்தின் கேடு ஆபத்தானது, கண்ணுக்குத் தெரிவதில்லை. கோலார் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல ஊர்களில் கடினத்தன்மை மிக்கது. அந்நீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்புப் படிவு உண்டாகிறது. வீட்டில் வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதுவே. இப்படிவு வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். சிலிண்டரைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் படிந்தால், வெப்பம் செல்வதற்கு அது இருபது மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வார்ப்பிரும்பைப் போன்ற தடையாகும். ஒவ்வொரு முறை நீர் குறையும்போதும் குழாய்க் கிணற்று நீரை ஊற்றுவதால் படிவு கூடிக்கொண்டே போகிறது. மழைநீரைச் சேமித்து, துரு தடுக்கும் கூலன்ட் கலந்து பயன்படுத்துவதே சிறந்தது. நீரை அடிக்கடி மாற்றுவது சுத்தமன்று. ஒவ்வொரு மாற்றமும் புதிய சுண்ணாம்பைக் கொணர்கிறது என்பதை ஓட்டுநர்களுக்கு விளக்க வேண்டும்.

சூடு மிகுகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கமும் உண்டு. இதனால் என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதும் எரியாது. மிச்சம் ஆயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். தேய்மானமும் டீசல் செலவும் கூடும். தெர்மோஸ்டாட் பழுதெனில் மாற்றுக; நீக்கற்க.

ஹெட் காஸ்கெட் கசிவை அறிய, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே புறப்படச் செய்து பார்க்கலாம். நீரில் குமிழிகள் இடைவிடாது எழுந்தால், சிலிண்டரின் வாயு நீருக்குள் கசிகிறது. ஆயில் அளவுக்கோலில் பால் போன்ற வெண்மை தெரிந்தால் நீர் ஆயிலில் கலந்திருக்கிறது. இந்நிலையில் மேலும் ஓட்டுவது என்ஜினை அழிப்பதாகும்.

ஒரு நோய்க்கு இரு முகம்

எரிபொருள் கோளாறும் மிகைச் சூடும் தனித்தனி நோய்கள் என்று எண்ணுவதே பல வீண் செலவுகளுக்கு மூலம். டீசல் பீச்சும் கணம் பிந்தினால், எரிதல் பிஸ்டன் கீழிறங்கும்போதும் நீடிக்கிறது. வேலையாக மாற வேண்டிய சக்தி சூடாகச் சிலிண்டர் சுவருக்கும் புகைக்குழாய்க்கும் செல்கிறது. நாசில் ஒழுகினாலும், முத்திரை உடைத்து டீசலைக் கூட்டினாலும், காற்று வடிகட்டி அடைபட்டாலும் விளைவு இதுவே. ரேடியேட்டரைக் கழுவி, மூடியை மாற்றி, பட்டையை இறுக்கிய பின்னும் கொதிப்பு நிற்கவில்லை, புகையும் கறுப்பாக இருக்கிறதெனில், இனிப் பார்க்க வேண்டியது நீரின் வழியை அன்று, எரிபொருளின் வழியை. ஆகவே களப்பணியாளர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எப்போது தொடங்கிற்று? அதற்கு முன் எதை மாற்றினீர்கள்? புகையின் நிறம் என்ன? இவற்றுக்குக் கிடைக்கும் விடை, பல வேளைகளில் ஸ்பானரை எடுக்கும் முன்பே பாதிக் கோளாற்றைக் கண்டுபிடித்துவிடும்.

வயலில் கொதித்துவிட்டால்

கலப்பையைத் தூக்கி, சுமையை நீக்கி, என்ஜினை மெதுவான ஓட்டத்தில் சில நிமிடம் விட வேண்டும். உடனே நிறுத்தினால் நீரோட்டம் நின்று, சிலிண்டர் தலையில் தேங்கிய சூடு மேலும் ஏறும். பட்டை அறுந்தாலோ நீர் முழுதும் வெளியேறிவிட்டாலோ மட்டும் உடனே நிறுத்துக. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கலாகாது. அழுத்தத்திலிருந்து விடுபடும் நீர் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வெந்துவிடச் செய்யும். மேல் ஹோஸைத் தொட்டுக் கையில் தாங்கக்கூடிய அளவுக்கு ஆறிய பின், கனத்த துணியை வைத்து, முதல் நிலை வரை மட்டும் திருகி ஆவியை விட்டுப் பிறகே திறக்க வேண்டும். காய்ந்திருக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்புத் தலை வெடிக்கும். அரை மணிப் பொறுமை ஒரு பருவத்தின் வருமானத்தைக் காக்கும்.

பள்ளியிலும் பயிற்சியிலும்

இச்செய்திகள் பலவற்றை ஆசிரியர்கள் எளிய சோதனைகளால் விளக்கலாம். மழைநீர், கிணற்று நீர், ஆழ்குழாய் நீர் ஆகியவற்றைத் தனித்தனிக் குப்பிகளில் எடுத்து, சமமான சோப்புக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கினால், நுரையின் உயரமே கடினத்தன்மையைக் காட்டிவிடும். பழைய தெர்மோஸ்டாட் ஒன்றை நூலில் கட்டி, வெப்பமானியுடன் நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினால், அது திறக்கும் வெப்பநிலையைக் காணலாம். அதே நீர் தம் ஊரில் எந்த வெப்பநிலையில் கொதிக்கிறது என்பதையும் மாணவர் குறித்துக்கொண்டால், உயரத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள தொடர்பு நினைவில் நிற்கும். விநாடிக்கு ஒரு சொட்டுக் கசியும் இணைப்பு ஒரு மணியில் 3,600 சொட்டுகளை இழக்கும். எத்தனை சொட்டு பத்து மில்லிலிட்டர் ஆகிறதென அளவுக் குழாயால் அளந்து, எட்டு மணி நேர இழப்பை ரூபாயில் கணக்கிடச் செய்யலாம். டீசலைக் கையாளும் சோதனைகளை நெருப்பிலிருந்து விலகி, ஆசிரியரே செய்து காட்டுதல் வேண்டும்.

மேலும் பயிற்சி பெற விரும்புவோர்க்கு, மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-ல் தொடங்கப்பெற்ற மத்திய நிலையமும், ஆந்திரப் பிரதேசத்தின் கார்லதின்னேயிலுள்ள தென் மண்டல நிலையமும் வேளாண் இயந்திரங்களில் வகுப்புகள் நடத்துகின்றன. 1964-ல் பெங்களூரில் நிறுவப்பட்ட வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தையும் அப்பகுதியினர் அணுகலாம்.

ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு சிறு குறிப்பேடு இருத்தல் நன்று. வடிகட்டி மாற்றிய தேதி, ஊற்றிய நீரின் அளவு, நாளொன்றுக்குச் செலவான டீசல், புகையின் நிறம் ஆகிய நான்கையும் ஓட்டுநர் எழுதி வந்தால், கோளாறு பெரிதாகும் முன்பே அதன் சுவடு ஏட்டில் தெரிந்துவிடும். வாரந்தோறும் நீர் குறைகிறது, டீசல் செலவு கூடுகிறது என்பதை ஏடு காட்டும்போது, இயந்திரம் நிற்பதற்கு முன்பே அதைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. உழவு இல்லாத நாட்களில் செய்யும் அக்கவனிப்பே, விதைப்பின் போது மண்ணின் பதத்தைக் காப்பாற்றித் தருவது.